கழுவின வேன் வேறு, ரெடியான வேன் வேறு



கொஞ்சம் நீளமான பதிவு. கட்டுநாயக்கவுக்கு ஆள் ஏற்றிப் போகிறவர்கள், பழைய வேனோ காரோ வைத்திருப்பவர்கள், ஹயருக்கு வேன் பிடிப்பவர்கள் தயவுசெய்து வாசியுங்கள். கோபம் வந்தாலும் கடைசி வரை வாசியுங்கள்.

நம் பக்கத்தில் ஒருவர் உம்றாவுக்குப் போகிறார் என்றால் வழியனுப்ப ஒரு வேன் நிறைய ஆட்கள் போவோம். நல்ல பழக்கம்தான், குறை சொல்லவில்லை. பயணத்துக்கு முந்தின நாள் பின்னேரம் அந்த வேன் சேர்விஸ் ஸ்டேஷனுக்குப் போகும். பொடி வொஷ், உள்ளே வெக்யூம், டயருக்குக் கறுப்புப் பொலிஷ், கண்ணாடியில் ஒரு புது எயார் ஃபிரெஷ்னர், டாங்க் நிறைய டீசல். இரவு குடும்ப வட்ஸ்அப் குரூப்பில் மெசேஜ் வரும்: "வேன் ரெடி."

வேன் ரெடி இல்லை. வேன் சுத்தமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இதைச் சொன்னால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சொல்லும் பதில் ஒன்று இருக்கிறது. "தினமும் ஓடுற வண்டிதானே, இன்றைக்கு மட்டும் என்ன வரப் போகுது?" நம் உம்மா வாப்பாவும் கைக்குழந்தைகளும் இந்த ஒரு வசனத்தை நம்பித்தான் ஏறி உட்காருகிறார்கள். அதனால் இந்த வசனம் சரியா பிழையா என்று நாம் பார்த்தே ஆக வேண்டும்.

முதலில் பாதையைப் பாருங்கள். தெற்கு அதிவேகப் பாதை 2011இல் கொட்டாவையிலிருந்து காலி வரை திறக்கப்பட்டது. 2014இல் மாத்தறைக்கு வந்தது. 2020 பெப்ரவரியில் ஹம்பாந்தோட்டைப் பக்கம் மத்தள வரை நீண்டது. அதன் பிறகு கிழக்கில் நம் பக்கத்து ஆட்கள் பலர் சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய, தனமல்வில என்று இறங்கி மத்தளவில் ஹைவே ஏறுகிறார்கள். மத்தளவுக்கே சுமார் 200 கிலோமீற்றர் ஓட வேண்டும். அங்கிருந்து கொட்டாவைக்கு 220 கிலோமீற்றர் அளவு. பிறகு வெளிச்சுற்று வட்டப் பாதையில் கெரவலப்பிட்டிய, அங்கிருந்து கட்டுநாயக்க. ஏற்கெனவே 200 கிலோமீற்றர் ஓடிச் சூடாகிய வேன், ஆள் நிறைய, கூரையில் சூட்கேஸோடு, 250 கிலோமீற்றருக்கு மேல் நிற்காமல் விரட்டப்படப் போகிறது. அதுவும் பெரும்பாலும் இரவில்.

தினமும் ஓடுகிற வண்டி தினமும் எங்கே ஓடுகிறது? வீட்டிலிருந்து பள்ளிக்கு, பள்ளியிலிருந்து சந்தைக்கு, பிள்ளையை டியூஷனுக்கு. நாற்பது, ஐம்பது வேகம். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நிற்கும், ஆறும். அந்த ஓட்டத்தில் பாஸாகிறது என்பது ஹைவேயில் பாஸாகும் என்பதற்குச் சான்றிதழ் அல்ல. எங்களுக்கு, ஆசிரியர்களுக்கு, இது நன்றாகப் புரியும். தவணைப் பரீட்சையில் எழுபது எடுத்த பிள்ளை சாதாரண தரத்தில் எடுக்கும் என்று எந்த ஆசிரியரும் சத்தியம் பண்ண மாட்டார். பேப்பர் வேறு.

ஹைவேயின் பேப்பர் எப்படிப்பட்டது? 100 வேகத்தில் வாகனம் ஒரு செக்கனுக்கு கிட்டத்தட்ட 28 மீற்றர் போகிறது. டயர் ஒரு செக்கனுக்கு 14 தடவை அளவில் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ரப்பர் நசுங்கி விரிகிறது, நசுங்கி விரிகிறது. காத்துக் குறைந்திருந்தால் கூடுதலாக நசுங்கும், கூடுதலாகச் சூடாகும். வேகம் இரண்டு மடங்கானால் இயக்க சக்தி நாலு மடங்கு. ஐம்பதில் பிரேக் பிடித்து நிற்கும் தூரத்தைப் போல நாலு மடங்கு தூரம் நூறில் தேவை. இது விஞ்ஞானப் பாடத்தில் பிள்ளைகள் எழுதுகிற கணக்கு. வாப்பாமார் ஸ்டியரிங்கைப் பிடித்ததும் அந்தக் கணக்கு மாறாது.

ஊர் ஓட்டம் இன்னும் ஒரு வேலை செய்கிறது. அது நோயை மறைக்கிறது. வீல் பேலன்ஸ் இல்லாத வண்டி நாற்பதில் நடுங்காது, எண்பது தொண்ணூறில்தான் ஸ்டியரிங் உதறும். அடைத்துப்போன ரேடியேட்டர் சந்தைக்குப் போய் வர எஞ்சினை ஆற்றிவிடும், இரண்டு மணித்தியாலம் ஒரே ஓட்டமாக விரட்டினால் தோற்றுவிடும். பழைய எஞ்சின் எண்ணெய் குடிப்பது ஊரில் மாதக் கணக்கில்தான் தெரியும். ஹைவேயில் ஒரே இரவில் டிப் ஸ்டிக்கில் தெரியும். ஆகவே "ஊரில் ஒரு குறையும் இல்லை" என்பது நல்ல செய்தி அல்ல. இன்னும் சோதிக்கப்படவில்லை என்பதுதான் அதன் அர்த்தம்.

இரண்டாவது பதில்: "பழைய வண்டிதான், வேறு என்ன செய்ய? புதுசு வாங்க வசதி இல்லை."

இந்த விஷயத்தில் பழைய வண்டிக்காரர்களின் பக்கம்தான் நாம். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த ஐந்து வருடமும் நாடே பழைய வண்டியில்தான் ஓடியது. திறந்த பிறகும் வரியோடு சேர்த்து வருகிற விலை நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாது. டொல்பின் வேனும், டவுன் ஏஸும், பழைய கொரோலாவும், சன்னியும் நம் தலையெழுத்து இல்லை, நம் சொத்து. அவை ஹைவேயில் ஓடக் கூடாது என்று யார் சொன்னாலும் அது பணக்காரப் பேச்சு. ஒழுங்காகத் தயார்படுத்திய முப்பது வருட வேன், கவனிக்காத ஐந்து வருடக் காரைவிடப் பாதுகாப்பானது. ஆனால் அந்த "ஒழுங்காக" என்ற சொல்லுக்கு வேலை இருக்கிறது. வயது ஒரு குற்றம் இல்லை. வயதைச் சாட்டாகச் சொல்லி ஒன்றும் பார்க்காமல் விடுவதுதான் குற்றம்.

மூன்றாவது பதில்: "கராஜ் பாஸிடம் காட்டியாச்சு."

எதைக் காட்டினீர்கள்? "பாஸ், நாளைக்கு கொழும்பு போறோம், ஒருக்கா பாருங்க" என்று மஃரிபுக்குப் பிறகு போய்ச் சொன்னால் அந்த மனிதர் பொனட்டைத் திறப்பார், எஞ்சினை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிக் காதைக் கொடுப்பார், "சரி, பிரச்சினை இல்லை" என்பார். வேறு என்ன செய்ய முடியும் அவரால்? குறை கண்டாலும் அந்த நேரத்தில் பார்ட்ஸ் கடை பூட்டியிருக்கும். பாஸைக் குற்றம் சொல்லி வேலையில்லை. இரண்டு கிழமைக்கு முன்பு போக வேண்டும். கேட்க வேண்டியதைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். பார்ட்ஸ் மாற்றினால் அதன் பிறகு ஒரு நாள் ஐம்பது அறுபது கிலோமீற்றராவது ஓட்டிப் பார்க்க வேண்டும். முந்தின நாள் மாற்றிய ஹோஸ் கிளிப் சரியாக இறுகியிருக்கிறதா என்று மொனராகலைக் காட்டில் வைத்துத் தெரிந்துகொள்ளக் கூடாது.

புகைச் சான்றிதழ் இருக்கிறது, ரெவன்யூ லைசன்ஸ் இருக்கிறது என்று சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. புகைப் பரிசோதனை புகையைத்தான் பார்க்கும். உங்கள் டயரையோ பிரேக்கையோ அது கேட்பதில்லை.

சரி, பெயர் சொல்லிக் கேட்க வேண்டியவை எவை? நாம் சொல்கிறோம்.

டயர். நாலு மட்டுமல்ல, ஸ்பெயாரோடு ஐந்து. பொலிஷ் அடித்த கறுப்பைப் பார்க்காதீர்கள். டயரின் பக்கச் சுவரில் டி.ஓ.டி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2316 என்றிருந்தால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. குறைவாக ஓடும் வண்டிகளில் ட்ரெட் அப்படியே இருக்கும், ஆனால் ரப்பர் செத்திருக்கும். பக்கச் சுவரில் முடி போல வெடிப்பு, ஒரு இடத்தில் வீக்கம் இருந்தால் அந்த டயருக்கு ஹைவே ஹராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கடந்த டயரை, பார்க்க எவ்வளவு நல்லதாக இருந்தாலும், கழற்றச் சொல்கிறவர்கள் டயர் கொம்பனிக்காரர்களே. தவாளிப்புகளுக்கு நடுவே சிறு மேடுகள் இருக்கும். ட்ரெட் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயர் முடிந்தது. வேனுக்குக் கார் டயர் போட்டு ஓடுகிறவர்களும் நம்மில் இருக்கிறார்கள். வேன் டயரில் 6 பீ.ஆர், 8 பீ.ஆர் என்று சுமை தாங்கும் அளவு எழுதியிருக்கும். மலிவாகக் கிடைத்தது என்று அதை மாற்றிப் போடுவது மலிவு இல்லை.

காத்து. எவ்வளவு அடிக்க வேண்டும் என்பதைச் சாரதிக் கதவின் ஓரத்தில் ஸ்டிக்கராக ஒட்டியிருப்பார்கள். நிறைய ஆள் ஏறினால் பின் டயருக்குக் கூடுதல் அளவு அதிலேயே இருக்கும். டயர் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். "ஹைவேயில் சூடாகும், கொஞ்சம் குறைத்துப் போவோம்" என்ற அறிவுரை நம் ஊரில் பரம்பரையாக வருகிறது. அது தலைகீழ். குறைத்தால்தான் அதிகம் சூடாகும்.

ரேடியேட்டர். நம் கரையோரத்தில் பல கிணறுகள் உப்பு, சவர். அந்தத் தண்ணியை வருடக்கணக்கில் ஊற்றி உள்ளே படிந்து அடைத்துப் போயிருக்கிறது. அதைக் கழுவி, கூலன்ட் ஊற்றுங்கள். கூலன்ட் வெறும் பச்சைத் தண்ணி அல்ல. அது கொதிநிலையை உயர்த்தும், துருவைத் தடுக்கும். மூடியையும் பாருங்கள். அந்த மூடியின் ரப்பர் போனால் உள்ளே அழுத்தம் நிற்காது, தண்ணி சீக்கிரம் கொதிக்கும். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஹோஸை விரலால் அழுத்திப் பாருங்கள். களிபோல மெதுவாக இருந்தாலும், நொறுநொறு என்று சத்தம் வந்தாலும் மாற்றுங்கள்.

பெல்ட். ஃபேன் பெல்ட்டில் வெடிப்பு இருந்தால் கண்ணுக்குத் தெரியும். டைமிங் பெல்ட் தெரியாது, மூடிக்குள் இருக்கிறது. டொயோட்டா டீசல் வேன்கள் பலவற்றில் ஒரு லட்சம் கிலோமீற்றரில் டி-பெல்ட் லைட் எரியும், மாற்று என்று சொல்ல. நம் ஆட்களில் சிலர் பெல்ட்டை மாற்றாமல் லைட்டை ரீசெட் பண்ணி அணைக்கிறார்கள். மீற்றரே சுற்றப்பட்டு வந்த ரீகண்டிஷன் வண்டியில் அந்த லைட்டையும் நம்ப ஏலாது. கடைசியாக எப்போது மாற்றியது என்று பில்லோடு தெரியாவிட்டால், மாற்றவில்லை என்றே கணக்கு. அந்தப் பெல்ட் 100இல் அறுந்தால் எஞ்சின் நிற்கும், பவர் ஸ்டியரிங் கல்லாகும், பிரேக் ஒன்றிரண்டு மிதிப்புக்குப் பிறகு இறுகும். பின்னால் ஒரு பஸ் வந்துகொண்டிருக்கும்.

பிரேக். பேட் மட்டும் பார்த்தால் போதாது. பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் சாமான். பழசானால் சூட்டில் கொதித்து மிதி பஞ்சுபோல இறங்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவது வழக்கம். நம்மில் எத்தனை பேர் வாங்கின நாளிலிருந்து மாற்றியிருக்கிறோம்?

வைப்பர். சிரிக்காதீர்கள். மே தொடக்கம் செப்டெம்பர் வரை நம் பக்கம் காய்ந்து கிடக்கும்போது மாத்தறை, காலி, களுத்துறைப் பக்கம் தென்மேல் பருவமழை கொட்டும். மாதக்கணக்கில் வெயிலில் காய்ந்த வைப்பர் ரப்பர் முதல் தடவையாக வேலை செய்யப் போவது, இரவில், ஹைவேயில், அடைமழையில். கண்ணாடியில் தண்ணியைப் பூசிவிட்டுப் போகும். தேய்ந்த டயரும் அதே மழையில்தான் பாதையை விட்டுத் தண்ணிக்கு மேல் மிதக்கும். வைப்பர் ரப்பர் ஒரு சோடி வாங்கும் காசு, வழியில் குடிக்கிற டீக்கும் ரோல்ஸுக்கும் போகிற காசுதான்.

சாமான். ஜக், வீல் ஸ்பேனர், டோர்ச், ஐந்து லீற்றர் தண்ணி, எதிரொளிக்கும் முக்கோணம். ஜக் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், அது தூக்குகிறதா என்று வீட்டு வாசலில் தூக்கிப் பாருங்கள். கூரையில் ஏற்றும் பாரத்தைக் குறையுங்கள். சீட்டுக்கு ஓர் ஆள், ஆளுக்கு ஒரு பெல்ட். மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு "இறுக்கிப் பிடிச்சிருக்கேன்" என்பது 100 வேகத்தில் வெறும் வாய்ப்பேச்சு.

நாலாவது பதிலுக்கு வருவோம். எல்லாப் பதிலும் தோற்ற பிறகு கடைசியாக வருவது இது: "அல்லாஹ் பாத்துக்குவான்."

இந்த வார்த்தையைக் கையில் எடுக்கும்போது நாம் பயப்பட வேண்டும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன ஹதீஸ் நம் ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒட்டகத்துக்குக் கயிறு. வேனுக்கு டயர், பெல்ட், பிரேக் எண்ணெய். கயிற்றைக் கட்டாமல் விட்டுவிட்டுத் தவக்குல் என்று பெயர் வைப்பது சோம்பலுக்குத் தொப்பி போடுவது. பயணம் சொல்ல வீடு வீடாகப் போய் மாப்புக் கேட்கிறோம், கடன் தீர்க்கிறோம். அதெல்லாம் அடியார்களின் ஹக். பின் சீட்டில் தூங்கிக்கொண்டு வருகிற மூத்தம்மாவுக்கும் உங்கள் டயர் மீது ஒரு ஹக் இருக்கிறது.

"இவ்வளவும் செய்யக் காசு எங்கே?" நியாயமான கேள்வி. 2022க்குப் பிறகு ஸ்பெயார் பார்ட்ஸ் விலை எந்த உயரத்துக்குப் போனது என்று நமக்குத் தெரியும். ஆனால் மேலே சொன்னவற்றில் பாதிக்குக் காசே தேவையில்லை. டயரின் இலக்கத்தை வாசிக்க, ஹோஸை அழுத்த, ஜக்கைத் தூக்கிப் பார்க்க எவனும் காசு கேட்பதில்லை. காத்துப் பார்ப்பது ஒரு பிளேன்டீ விஷயம். மீதிக்குக் காசு இல்லாவிட்டால், வழியனுப்பும் கூட்டத்தைக் குறையுங்கள். நாலு பேர் போதும். அல்லது பஸ்ஸில் போங்கள். ஹாஜிக்கு வழியனுப்பல் ஃபர்ளு இல்லை.

வேன் ஹயருக்குப் பிடிப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. இரண்டாயிரம் ரூபாய் குறைத்துக் கேட்டுக் கேட்டு, கடைசியில் ஆகக் குறைந்த விலை சொன்னவரைப் பிடிக்கிறோம். அவர் அந்த இரண்டாயிரத்தை எங்கிருந்து குறைப்பார்? டீசலில் குறைக்க ஏலாது. டயரில்தான் குறைப்பார், தூக்கத்தில்தான் குறைப்பார். பகல் முழுக்க ஓடிவிட்டு இரவு உங்கள் ஹயருக்கு வருவார். ஆகவே அட்வான்ஸ் கொடுக்கும் முன் நாலு கேள்வி கேளுங்கள். டயர் எந்த வருடம்? டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது? அன்று பகல் சாரதி தூங்குவாரா? ஹயர் ஓடுவதற்கு இன்சூரன்ஸ் இடம் கொடுக்கிறதா? பதில் சொல்லக் கோபப்படுகிறவரின் வேனில் ஏறாதீர்கள். பதில் சொல்கிறவருக்குக் கேட்ட காசைக் கொடுங்கள்.

ஓடும்போது செய்ய வேண்டியதும் கொஞ்சம் உண்டு. மத்தளவில் ஏறும் முன் இருபது நிமிடம் நில்லுங்கள். வேனைச் சுற்றி நடந்து பாருங்கள். கீழே ஏதும் சொட்டுகிறதா, ஒரு சில்லு மட்டும் மற்றதைவிடச் சூடாக இருக்கிறதா என்று பாருங்கள். ஹைவேயில் 100 என்பது உச்ச வரம்பு, கட்டளை அல்ல. பழைய வேனுக்கு இடது லேனில் எண்பது ஒரு வெட்கமும் இல்லை. வெலிப்பன்னவில் நின்று எண்ணெயைப் பாருங்கள். சூட்டு முள் வழமையை விட்டு மேலே அசைந்தால் ஏசியை நிறுத்தி, அடுத்த வெளியேற்றத்தில் இறங்குங்கள். "கொழும்பு கிட்டத்தானே" என்ற பேச்சுக்கு எஞ்சினின் ஹெட் காத்திருக்காது. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள். நடுவழியில் நின்றுவிட்டால் ஓரத்துக்கு எடுத்து, ஹசார்ட் லைட் போட்டு, எல்லோரையும் இடது பக்கமாக இறக்கி, காவல் கம்பிக்கு அப்பால் நிற்கவைத்து, 1969க்கு அடியுங்கள். வேனுக்குள் உட்கார்ந்து பாஸுக்கு ஃபோன் பண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

கடைசியாகப் பள்ளி நிர்வாகங்களுக்கும் உம்றா முகவர்களுக்கும் ஒரு கோரிக்கை. ஹாஜிமாருக்கு வகுப்பு நடத்துகிறீர்கள், இஹ்ராம் கட்டக் காட்டிக் கொடுக்கிறீர்கள். அந்த வகுப்பில் பத்து நிமிடம் இந்த விஷயத்துக்கு ஒதுக்குங்கள். ஒவ்வோர் ஊரிலும் நல்ல கராஜ் பாஸ்மார் இருக்கிறார்கள், தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். மாதம் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளி வளவில் ஒரு மேசை, ஒரு காத்து கேஜ், ஒரு டோர்ச் போதும். தூரப் பயணம் போகிற வண்டிகளின் டயரையும் ஹோஸையும் இலவசமாகப் பார்த்துக் கொடுக்கலாம். எங்கள் பாடசாலைப் பிள்ளைகளை உதவிக்கு அனுப்ப நாங்கள் தயார். விஞ்ஞானப் பாடத்துக்கு அதைவிட நல்ல செய்முறை கிடைக்காது.

இதில் உடன்பாடு இல்லாதவர்கள் கொமன்ட்டில் வாருங்கள், பேசுவோம். ஆனால் "தினமும் ஓடுற வண்டிதானே" என்று மட்டும் எழுத வேண்டாம். அதற்கு மேலேயே பதில் இருக்கிறது.

உடன்பாடு உள்ளவர்கள் ஒரு வேலை செய்யுங்கள். இப்போதே எழும்பிப் போய் உங்கள் வண்டியின் ஐந்து டயரிலும் அந்த நாலு இலக்கத்தை வாசித்து கொமன்ட்டில் போடுங்கள். யார் வீட்டு டயர் யார் வீட்டு மாப்பிள்ளையைவிட வயது கூடியது என்று பார்ப்போம்.

போகிறவர்களையும் வழியனுப்பப் போகிறவர்களையும் அல்லாஹ் பத்திரமாகக் கொண்டுபோய்ப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவரட்டும். ஆமீன்.

வேன் வைத்திருக்கும் ஒருவருக்காவது இதை அனுப்பிவிடுங்கள்.